கைமாறும் மருத்துவக் கருவிகளும் வக்ஃபு மரபும்: ஓசூர் வட்டாரத்தை முன்வைத்து

நம் மஹல்லாப் பள்ளிவாசல்களை ஒட்டிய சிற்றறைகளில் சில பொருள்கள் பெரும்பாலும் தவறாமல் இருக்கும். ஜனாஸாவைச் சுமந்து செல்லும் சந்தூக் ஒன்று; மையித்தைக் குளிப்பாட்டும் பலகை ஒன்று; வலீமா விருந்துக்கும் ரமளான் கஞ்சிக்கும் அடுப்பேறும் பெரிய தேக்சாக்கள் சில. இவற்றுக்குத் தனி உரிமையாளர் எவரும் இல்லை. என்றோ ஒருவர் கொடுத்துச் சென்றார். அவர் பெயரைப் பலர் மறந்தும் விட்டனர். பொருள் மட்டும் வீடு வீடாகப் போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறது. மரணம் நேர்ந்த வீட்டார் தமக்கென ஒரு சந்தூக்கை விலைக்கு வாங்குவதில்லை. வாங்க வேண்டும் என்று எவரும் எண்ணுவதுமில்லை.

அதே மஹல்லாவின் வீடுகளுக்குள் சென்றால் காட்சி மாறிவிடுகிறது. மாடிப்படியின் அடியில் மடக்கி வைத்த சக்கர நாற்காலி. பரணில், 2021ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது அலைந்து திரிந்து வாங்கிய ஆக்சிஜன் செறிவூட்டி. மொட்டை மாடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் தலைப்பக்கம் உயர்த்தும் இரும்புக் கட்டில். நோயாளி குணமடைந்திருப்பார், அல்லது இறைவனிடம் மீண்டிருப்பார். அடுத்த தெருவிலோ, இதே பொருளுக்காக ஒரு குடும்பம் கடன் வாங்கிக்கொண்டிருக்கும், அல்லது நாள் வாடகை எண்ணிக்கொண்டிருக்கும். இறந்தவருக்கான பொருளைப் பொதுவில் வைக்கத் தெரிந்த சமூகம், நோயாளிக்கான பொருளை ஏன் வீட்டுக்குள்ளேயே துருப்பிடிக்க விடுகிறது? இக்கேள்விக்கு மருத்துவமும் ஃபிக்ஹும் தரும் விடைகளை ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

எல்லைப்புறத்தின் இயல்பு

தருமபுரியிலிருந்து 2004ஆம் ஆண்டு பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 18.8 லட்சம். இதன் தொழில் தலைநகரம் ஓசூர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானதன் பின் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய பெருநிறுவனங்களும், அவற்றுக்கு உதிரிப் பாகங்கள் செய்து தரும் எண்ணற்ற சிறு பட்டறைகளும் இங்கே வேரூன்றின. பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கிறது. தலைக்காயமும் பக்கவாதமும் என்றால் நிம்ஹான்ஸ். இதயம் என்றால் ஜெயதேவா. புற்றுநோய் என்றால் கித்வாய். எலும்பு முறிவு என்றால் சஞ்சய் காந்தி மருத்துவமனை என்று எல்லை கடந்து செல்வது இவ்வட்டார மக்களுக்கு நெடுநாள் வழக்கம்.

அறுவை சிகிச்சை எல்லைக்கு அப்பால் முடிந்துவிடும். படுக்கையும் பராமரிப்பும் எல்லைக்கு இப்பால்தான் தொடரும். மருத்துவமனையில் பத்து நாள் இருந்தவர் வீட்டில் மூன்று மாதம் படுத்திருக்க நேரும். அந்த மூன்று மாதத்துக்குத் தேவையான கட்டில், காற்று மெத்தை, கமோடு நாற்காலி, வாக்கர் ஆகியவை எந்த மருத்துவமனையும் கொடுத்தனுப்புபவை அல்ல. தேசிய நெடுஞ்சாலைகள் கூடும் கிருஷ்ணகிரியில் சாலை விபத்துகளுக்குக் குறைவில்லை. பட்டறைகளில் கை நசுங்குவதும் முதுகெலும்பு அடிபடுவதும் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து ஓரறை வாடகை வீட்டில் தங்கியிருக்கும் தொழிலாளிக்கு இரவல் கேட்க உறவினர் வீடும் இல்லை.

அரசின் முயற்சிகளைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. நோய்த் தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வரும் ஏற்பாடு அதில் உண்டு. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசுத் திட்டம் 1981 முதல் நடைமுறையில் உள்ளது. எனினும் அத்திட்டம் நிலையான குறைபாட்டைச் சான்றிதழால் மெய்ப்பித்தவர்களை நோக்கியே அமைந்தது. இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதத்துக்கு மட்டும் வாக்கர் வேண்டுபவர், இறுதி நிலைப் புற்றுநோயில் எட்டு வாரத்துக்கு மட்டும் கட்டில் வேண்டுபவர் ஆகியோர் அந்த வலையின் கண்களுக்கிடையே நழுவி விடுகின்றனர்.

நுட்பம் இங்கேதான் இருக்கிறது. இத்தகைய நோயாளியின் தேவை சில மாதங்களுக்கு உரியது. பொருளோ பல்லாண்டு உழைக்கக்கூடியது. ஒரு நல்ல சக்கர நாற்காலி ஐந்தாண்டு உழைத்தால், மும்மாதத்துக்கு ஒருவராக இருபது நோயாளிகளைச் சுமக்கும். ஒருவரோடு அதன் பயணத்தை நிறுத்திவிடும்போது பத்தொன்பது பேரின் பங்கு பரணில் முடங்குகிறது. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 250 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதேனும் ஓர் உதவிக் கருவி தேவைப்படுகிறது என்றும், அவர்களுள் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது எட்டவில்லை என்றும் கூறுகிறது.

எது கைமாறலாம், எது கூடாது

மறுபயன்பாடு என்றதும் தொற்று பற்றிய அச்சம் எழுவது இயல்பு. இதற்கு விடை காணும் வழியை எர்ல் ஸ்பால்டிங் என்னும் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வகுத்துத் தந்தார். மருத்துவக் கருவிகளை அவர் மூன்றாகப் பிரித்தார். இரத்தத்தையும் உட்திசுவையும் தொடுபவை முதல் வகை; அவற்றில் ஓர் உயிரணுவும் எஞ்சாதபடி கிருமி நீக்கம் செய்தாக வேண்டும். வாய், மூச்சுக்குழல் முதலியவற்றின் மென்சவ்வைத் தொடுபவை இரண்டாம் வகை. உயர்நிலைக் கிருமி ஒழிப்பு இவற்றுக்குத் தேவை. நலமான தோலை மட்டும் தொடுபவை மூன்றாம் வகை. சோப்பு நீரால் கழுவித் துடைத்துச் சாதாரணக் கிருமிநாசினியிட்டு உலர்த்தினால் போதும்.

வீடுகளில் கிடக்கும் பொருள்களுள் பெரும்பாலானவை மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. சக்கர நாற்காலி, வாக்கர், அக்குள் கட்டை, கட்டில், கமோடு நாற்காலி, சலைன் கம்பம் ஆகியவை அச்சமின்றிக் கைமாறலாம். கிழிந்த ரெக்சின் மட்டும் ஆகாது. கிழிசலுக்குள் புகுந்த அழுக்கை எந்தத் துடைப்பும் எட்டாது. ஆகவே உறையை மாற்றிய பின்னரே கொடுக்க வேண்டும். மூக்குக் குழாய், முகமூடி, சிறுநீர்க் குழாய், உணவுக் குழாய், ஊசி போன்றவற்றை ஒருபோதும் கைமாற்றலாகாது. நெபுலைசரின் காற்றழுத்தி கைமாறலாம். அதன் மருந்துக் கிண்ணமும் முகமூடியும் புதியனவாக இருக்க வேண்டும்.

மின்கருவிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஆக்சிஜன் செறிவூட்டியை எடுத்துக்கொள்வோம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜனும் 21 விழுக்காடு ஆக்சிஜனும் உள்ளன. செறிவூட்டிக்குள் இருக்கும் ஜியோலைட் என்னும் கனிமம் நைட்ரஜனைப் பற்றிக்கொண்டு, 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட தூய்மையுள்ள ஆக்சிஜனை வெளியே விடுகிறது. அதே ஜியோலைட்டுக்குக் காற்றின் ஈரத்தையும் ஈர்க்கும் குணம் உண்டு. இயக்காமல் மாதக்கணக்கில் வைத்திருந்தால் ஈரமேறி அதன் ஆற்றல் குன்றும். பிறகு அது ஓசையோடு ஓடும், காற்றும் வரும், ஆனால் வரும் காற்றில் நோயாளிக்கு வேண்டிய அளவு ஆக்சிஜன் இராது. இரண்டாம் அலையில் வாங்கிப் பரணேற்றிய கருவியை, 'இன்னொருநாள் நமக்கே உதவும்' என்று வைத்திருப்பவர் கவனிக்க வேண்டிய செய்தி இது. சும்மா கிடப்பதே இக்கருவிக்குக் கேடு. அளவுமானியால் தூய்மையைச் சோதித்து, வடிகட்டியை மாற்றி, மருத்துவர் எழுதித் தந்த அளவில் மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும். நாட்பட்ட நுரையீரல் நோயாளிகள் சிலருக்கு அளவு மீறிய ஆக்சிஜனே ஆபத்தாகிவிடும். அடுப்போ புகைபிடித்தலோ அருகில் இருத்தலாகாது.

இன்னொரு சோதனையும் உண்டு. 2021 ஜூன் மாதம் பிலிப்ஸ் நிறுவனம், உட்புற ஒலியடக்கும் நுரைப்பொருள் சிதைவதைக் காரணங்காட்டிச் சிலவகை சுவாசக் கருவிகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. திரும்பப் பெறப்பட்ட கருவியொன்று அறியாமல் ஒரு வீட்டில் தங்கி, நற்பணி என்ற பெயரில் அடுத்த நோயாளியிடம் சென்றுவிடக்கூடும். எனவே வரிசை எண்ணைச் சரிபார்த்தல் கொடையின் ஒரு பகுதியாகும்.

பொருத்தமும் தூய்மைக்கு நிகரான நிபந்தனை. வாக்கரின் கைப்பிடி, நிற்பவரின் மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் அமைய வேண்டும். அக்குள் கட்டை, அக்குளிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே நிற்க வேண்டும். உடல் எடை அக்குளில் விழுந்தால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும். அளவு பொருந்தாத சக்கர நாற்காலி, உணர்விழந்த உடலில் படுக்கைப் புண்ணை உண்டாக்கும். 'கிடைத்ததை வாங்கிக்கொள்' என்ற மனப்பான்மைக்கு மருத்துவ உதவியில் இடமில்லை.

மும்பையில் ஒரு சான்று

மறுபயன்பாட்டின் எல்லை எவ்வளவு தூரம் நீளக்கூடும் என்பதற்கு மும்பையின் ஹோலி ஃபேமிலி மருத்துவமனை தக்க சான்றாகும். அமெரிக்காவில் இறந்தவர்களின் உடலிலிருந்து, குடும்பத்தாரின் இசைவோடு, நல்லடக்க நிலையங்கள் வழியே பேஸ்மேக்கர்கள் திரட்டப்பட்டன. 2004க்கும் 2010க்கும் இடையே அவ்வாறு கிடைத்த 121 கருவிகளுள், மின்கலத்தில் 70 விழுக்காடேனும் ஆயுள் எஞ்சியிருந்த 53 மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டுக் கிருமி நீக்கப்பட்டு, புதுக் கருவி வாங்க வசதியற்ற 53 நோயாளிகளுக்கு அம்மருத்துவமனையில் பொருத்தப்பட்டன. அவர்களிடையே தொற்று நேரவில்லை என்று 2012இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, இதயத் துடிப்பு தடம் மாறும்போது மின்னதிர்வால் மீட்கும் கருவிகளை இவ்வாறு பெற்ற 81 நோயாளிகளைப் பற்றியது. அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அக்கருவி உரிய தருணத்தில் இயங்கிச் சிகிச்சை அளித்தது.

2020இல் கனடிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் விரிவானது. மெக்சிகோ, டொமினிக்கன் குடியரசு, குவாத்தமாலா, ஹோண்டுராஸ் ஆகிய நாடுகளில் மறுபயன்பாட்டுக் கருவி பெற்ற 1,051 பேரையும், கனடாவில் புதுக் கருவி பெற்ற 3,153 பேரையும் இரண்டாண்டுக் காலம் ஒப்பிட்டதில், தொற்றோ அதனால் விளைந்த மரணமோ நேர்ந்தவர்கள் முறையே 2.0, 1.2 விழுக்காட்டினர். இவ்வேறுபாடு புள்ளியியல் அளவில் உறுதியானதன்று என்பது அவர்கள் முடிவு.

இவை கட்டுப்பாடு மிக்க மருத்துவமனைகளில் வல்லுநர் செய்தவை. உற்பத்தியாளர்கள் இக்கருவிகளை ஒருமுறைப் பயன்பாட்டுக்கே உரியவை என்று குறிக்கின்றனர். அமெரிக்காவிலேயே மறுபயன்பாட்டை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்பதில்லை. எனவே பேஸ்மேக்கர் ஒரு மஹல்லா எடுத்து நடத்தக்கூடிய காரியமன்று. மையித்தின் உடலிலிருந்து அதை எடுக்கலாமா என்ற வினாவும் உலமாக்களின் தெளிவை வேண்டி நிற்கிறது. பிறர் பொருளை விழுங்கி இறந்தவரின் உடலைத் திறக்கலாமா என்று முற்கால ஃபுகஹாக்கள் விவாதித்துள்ளமையால், மையித்தின் கண்ணியத்தையும் உயிரோடிருப்பவரின் உரிமையையும் எடைபோடும் முறை நம் நூல்களுக்குப் புதிதன்று என்பதை மட்டும் இங்குக் குறிப்பிடலாம். மும்பைச் சான்று நமக்குத் தரும் பாடம் வேறு. 121 கருவிகளுள் 68 ஒதுக்கப்பட்டன. ஏற்றுக்கொள்வதை விட ஒதுக்குவதில் காட்டிய கண்டிப்பே அந்தப் பணியைக் காத்தது.

கொடை சுமையாகும் இடம்

இக்கண்டிப்பு இல்லாத இடங்களில் நேர்ந்தது என்ன? 2011இல் வெளியான ஆய்வொன்று, வளங்குறைந்த 16 நாடுகளின் மருத்துவமனைகளில் இருந்த 1,12,000க்கும் மேற்பட்ட கருவிகளின் பட்டியலை ஆராய்ந்தது. அவற்றுள் ஏறத்தாழ 40 விழுக்காடு இயங்காமல் கிடந்தன. பழுதுநீக்கப் பயிற்சி பெற்றவர் இல்லை. உதிரிப் பாகம் இல்லை. இயக்கும் முறை கூறும் கையேடு இல்லை. கொடுத்தவர் மனநிறைவோடு சென்றுவிட்டார். பெற்றவர் அறையில் இடம் அடைத்துக்கொண்டு நிற்கிறது பொருள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெறுபவரின் தேவையைக் கேட்டறிந்த பின்னரே கொடுக்க வேண்டும் என்றும், பராமரிப்புக்கான ஏற்பாட்டையும் கொடையோடு சேர்த்தே எண்ண வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது.

ஆக, பொருளைக் கொடுப்பது எளிது. பொருளைக் காப்பதே அருமை. இவ்விடத்தில்தான் ஃபிக்ஹின் நுட்பம் நமக்குக் கைகொடுக்கிறது.

ஹிபா, ஆரிய்யா, வக்ஃபு

ஒரு சக்கர நாற்காலி மூன்று வழிகளில் அடுத்தவரைச் சென்றடையலாம். ஹிபாவாக, அதாவது அன்பளிப்பாகக் கொடுத்தால் பெற்றவர் அதன் உரிமையாளராகிறார். குணமடைந்த பின் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டாலும் கேட்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. சங்கிலி அங்கேயே அறுந்துபோகிறது.

ஆரிய்யா என்பது இரவல். பொருள் கொடுத்தவருடையது, பயன் பெறுபவருடையது. ஸூரா அல்மாஊன், அற்பப் புழங்குபொருளையும் தர மறுப்பவரைக் கண்டிக்கிறது. பானை, வாளி, கோடரி போன்று மக்கள் தம்மிடையே இரவல் கொள்ளும் பொருள்களையே அது குறிக்கிறது என்று விரிவுரையாளர் பலர் விளக்கியுள்ளனர். ஹுனைன் போரின்போது நபி (ஸல்) அவர்கள் ஸஃப்வான் இப்னு உமய்யாவிடம் கவசங்களை இரவல் பெற்றார்கள். அப்போது ஸஃப்வான் இஸ்லாத்தைத் தழுவியிருக்கவில்லை. சில கவசங்கள் காணாமற்போனபோது ஈடு தரவும் முன்வந்தார்கள். இந்நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு, இரவல் பொருள் அழிந்தால் பெற்றவரே பொறுப்பு என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. அனுமதித்த முறையில் பயன்படுத்தியதால் தேய்ந்தது மட்டும் விதிவிலக்கு. ஹனஃபீ மத்ஹபிலோ அது அமானிதம். கவனக்குறைவோ அத்துமீறலோ இருந்தாலன்றி ஈடு இல்லை. பொதுவில் கருவி வழங்கும் ஜமாஅத், இவற்றுள் எதைப் பின்பற்றுகிறது என்பதைக் கொடுக்கும்போதே எழுத்தில் தெளிவாக்கிவிட்டால் பின்னர் மனக்கசப்புக்கு இடமிராது.

மூன்றாவது வழி வக்ஃபு. கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) கேட்டபோது, மூலத்தை நிறுத்திப் பயனை வழங்கும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். நிலத்துக்குப் பொருந்துவது அசையும் பொருளுக்கும் பொருந்துமா? காலித் இப்னு வலீத் (ரலி) தம் கவசங்களையும் போர்க்கருவிகளையும் இறைவழிக்கென ஒதுக்கி வைத்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. மூலம் அழியாமல் பயன்தரும் எந்தப் பொருளையும் வக்ஃபு செய்யலாம் என்பது ஷாஃபிஈ, ஹன்பலீ அறிஞர்களின் கருத்து. ஹனஃபீ மத்ஹபில் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) போர்க்கருவிக்கும் குதிரைக்கும் அப்பால் தனியே செல்லத் தயங்கினார். ஹிஜ்ரி 189இல் மறைந்த இமாம் முஹம்மத் (ரஹ்), மக்களின் வழக்கில் நிலைபெற்ற அசையும் பொருள்களையும் வக்ஃபு செய்யலாம் என்றார். அவர் கருத்தை விளக்கும் ஹிதாயா நூல் தரும் எடுத்துக்காட்டுகள் கருதத்தக்கவை: கோடரி, ரம்பம், ஜனாஸாக் கட்டிலும் அதன் போர்வையும், சமையல் பானைகள், குர்ஆன் பிரதிகள். நம் பள்ளிவாசல் அறையில் இன்றும் இருக்கும் சந்தூக்கும் தேக்சாவும் அப்படியே அப்பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றன! உருதும் தமிழும் பேசும் ஹனஃபீக்கள் மிகுந்த கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு இந்த விளக்கம் நேரடியாகப் பொருந்தும். வழக்கே இங்கு அளவுகோல் ஆகையால், நோயாளியின் கட்டிலைப் பொதுவில் வைக்கும் வழக்கம் வலுப்பெறப் பெற அதன் சட்ட அடித்தளமும் வலுப்பெறும்.

வக்ஃபு முறையின் சிறப்பு, அது பொருளோடு ஒரு காப்பாளரையும் சேர்த்தே வேண்டுவதில் இருக்கிறது. முதவல்லி இல்லாத வக்ஃபு நிலைக்காது. பராமரிப்புச் செலவு, வருவாயில் முதல் உரிமை பெறும் என்பது ஃபுகஹாக்களின் பொதுக் கருத்து. 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் நிறுவிய பீமாரிஸ்தானின் வக்ஃபு ஏற்பாடு, கட்டிடத்தோடும் மருத்துவரின் ஊதியத்தோடும் நில்லாமல் நோயாளியின் கட்டிலுக்கும் படுக்கைக்கும் புழங்கு பாத்திரத்துக்கும் வழிவகை செய்தது. பயன் தீர்ந்த வக்ஃபுப் பொருளை விற்று அதன் விலையை அதே வகைப் பொருளில் இடுவதையும் ஹன்பலீ அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். போருக்கு உதவாமற்போன குதிரை அவர்கள் தரும் எடுத்துக்காட்டு. உடைந்த சக்கர நாற்காலிகள் நான்கிலிருந்து நல்லதொன்றைக் கட்டி எழுப்பும் இன்றைய தேவைக்கு இது பொருத்தமான முன்னோடி. இந்தியச் சட்டத்திலும், 1995ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டத்தின் விளக்கம் அசையும் சொத்தை உள்ளடக்கியது. அச்சட்டம் 2013இலும் 2025இலும் திருத்தப்பட்டுள்ளமையால், முறையான வக்ஃபாகப் பதிய விழைவோர் சட்ட ஆலோசனை பெறுதல் நலம். ஓர் அறக்கட்டளைக்குப் பொது ஸதகாவாக அளித்தும் இதே நோக்கத்தை அடையலாம்.

வாரிசுகளின் பங்கு

பலரும் கருதாத ஒரு செய்தி உண்டு. நோயாளி இறந்தவுடன் அவர் பணத்தில் வாங்கிய கட்டிலும் கருவியும் வாரிசுச் சொத்தாகி விடுகின்றன. மருத்துவமனைக் கடன் இருந்தால் அது முதலில் தீர்க்கப்பட வேண்டும். எஞ்சியதில் ஒவ்வொரு வாரிசுக்கும் பங்குண்டு. வயதுவந்தோர் மனமுவந்து தம் பங்கைக் கொடுக்கலாம். பருவமடையாத குழந்தையின் பங்கைக் கொடுக்கத் தாய்க்கோ மாமனுக்கோ அதிகாரம் இல்லை. விபத்தில் இறந்த இளந்தொழிலாளியின் வீட்டில் இந்நிலை அடிக்கடி ஏற்படும். பாகப்பிரிவினையின்போது அப்பொருளை வயதுவந்த வாரிசொருவரின் பங்கில் சேர்த்து, அவர் அதை அறத்துக்கு வழங்குவது எளிய வழி. அனாதையின் உரிமையைத் தொட்டுச் செய்யும் தருமத்தில் என்ன நன்மை எதிர்பார்க்க முடியும்?

நோயாளி தாமே உயிரோடிருக்கையில் 'என் காலத்துக்குப் பின் இது பொதுவுக்கு' என்று வஸிய்யத் செய்வது மேலும் தெளிவானது. வஸிய்யத் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. மரணநோயில் கிடப்பவர் செய்யும் அன்பளிப்பும் வக்ஃபும் இதே வரம்புக்கு உட்பட்டவை.

ஸகாத் நிதியைப் பற்றியும் ஒரு சொல். ஸகாத்தை ஏழைக்கு உரிமையாக்கிக் கொடுக்க வேண்டும் என்பது ஹனஃபீ நிலை. இரவல் கொடுத்துத் திரும்பப் பெறும் பொதுக் கருவிகளை அதிலிருந்து வாங்குவது அந்நிபந்தனைக்குப் பொருந்தாது. பொது ஸதகாவுக்கு அத்தடை இல்லை. அதன் பயன் மதம், மொழி பாராமல் எவரையும் சென்றடையலாம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி ஆகிய ஐந்து மொழிகளும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஓசூரில் அப்படித்தான் அமையவும் வேண்டும். கவசம் கொடுத்த ஸஃப்வான் எந்த அணியில் நின்றவர் என்பதை நினைவிற்கொண்டால் இதில் ஐயம் எழாது.

மலப்புறம் காட்டும் வழி

இவை ஏட்டளவில் நிற்கும் கருத்துகள் அல்ல என்பதற்கு அண்டை மாநிலமே சான்று. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் தொடங்கிய நோய்த் தணிப்புப் பணி, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மலப்புறம் போன்ற மாவட்டங்களில் அக்கம்பக்கத்தார் இயக்கமாக வளர்ந்தது. ஊர்த் தொண்டர்கள் சில்லறைக் காசுகளாகத் திரட்டிய நிதியில் செவிலியர் வீடு வீடாகச் சென்றனர்; நீர் மெத்தையும் சக்கர நாற்காலியும் ஒரு வீட்டில் பணி முடித்து அடுத்த வீட்டுக்குப் போயின. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. அங்கே கருவி தனியே செல்வதில்லை. அதைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் ஒரு மனிதரோடு செல்கிறது.

நம் வட்டாரத்தில் இதற்கான வளம் ஏற்கனவே உள்ளது. ஓசூரில் பஞ்சமே இல்லாத செல்வம் கைத்திறன். வெல்டர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இல்லாத தெரு அங்கே அரிது. சக்கர நாற்காலியின் பேரிங்கை மாற்றுவதும், கட்டிலின் முறிந்த திருகுக் கம்பியை ஒட்டுவதும், மின்கசிவைச் சோதிப்பதும் இவர்களுக்கு விடுமுறை நாளின் ஒரு மணிநேர வேலை. வறிய நாடுகளின் மருத்துவமனைகளில் 40 விழுக்காட்டுக் கருவிகள் முடங்கியது இத்தகையோர் இல்லாமையால் அன்றோ? பொருள் கொடுக்க வசதியற்ற தொழிலாளி தன் கைத்திறனைக் கொடுத்தால், அது பொருளினும் மேலான ஸதகாவாகும்.

ஏற்பாடு எளியதாகவே இருக்கலாம். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண், வாங்கிய ஆண்டு, பழுதுநீக்கிய நாள், சென்ற வீடு, திரும்பிய நாள் ஆகியவற்றைக் குறிக்கும் ஒரு பேரேடு, பொறுப்பேற்கும் ஒருவர், கழுவி உலர்த்த ஓர் இடம். மின்கருவிகள் மருத்துவரின் சீட்டின்றிச் செல்லலாகாது. படம் வரைந்த பயன்பாட்டுக் குறிப்பு, எழுத்தறியாதவருக்கும் மொழி அறியாதவருக்கும் உதவும். வீடு தேடி வரும் அரசுச் செவிலியருக்கும் இயன்முறை மருத்துவருக்கும் இந்த அறை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தால், யாருக்கு எது தேவை என்பதை அவர்களே கூறிவிடுவர். முன்பணம் கேட்பதாயின் இல்லாதவருக்கு அது தடையாகாதபடி தளர்த்த வேண்டும். நோயாளி இறந்த வீட்டில் பொருளைத் திரும்பக் கேட்கத் துக்கத்தின் மூன்று நாளேனும் பொறுத்திருப்பது நாகரிகம்.

தயக்கமும் தெளிவும்

கடைசியாக, பேசப்படாத ஒரு தடை எஞ்சியிருக்கிறது. 'மவுத்தானவர் கிடந்த கட்டில்' என்று அதைத் தீண்டத் தயங்கும் மனம் பலரிடம் உண்டு. கொடுப்பவர் 'இதைப் போய் எப்படிக் கொடுப்பது' என்று கூசுகிறார். பெறுபவர் 'இதில் எப்படிப் படுப்பது' என்று அஞ்சுகிறார். சகுனம் பார்ப்பதை மார்க்கம் விலக்கியிருக்கிறது என்று மட்டும் கூறி இதைக் கடந்துவிட முடியாது. துயரம் தோய்ந்த நினைவை அறிவுரையால் துடைப்பது எளிதன்று. ஆனால் நம்மிடமே இதற்கொரு விடை இருக்கிறது. மஹல்லாவின் சந்தூக், நம் தந்தையரையும் அவர்தம் தந்தையரையும் சுமந்தது. அதைத் தொட எவரும் கூசுவதில்லை, தோள்கொடுக்க முந்துகிறோம். இறந்தவரை மட்டுமே சுமக்கும் பொருளிடம் இல்லாத கூச்சம், உயிரைத் தாங்கி நின்ற கட்டிலிடம் ஏன் வர வேண்டும்?

பள்ளிவாசலின் அந்தச் சிற்றறையில் சந்தூக்கின் பக்கத்தில் ஒரு சக்கர நாற்காலிக்கும் ஒரு கட்டிலுக்கும் இடம் ஒதுக்குவது, புதிய நிறுவனம் காணும் அளவுக்குப் பெரிய காரியமன்று. அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் ஒரு பேரேட்டைத் திறந்து, பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, பழுதுநீக்க இசையும் இரு தொழிலாளரின் பெயரை எழுதிக்கொண்டால் தொடங்கிவிடலாம். பரண்களில் காத்திருக்கும் கருவிகள் தாமாக வந்து சேரும். அவற்றுள் ஆக்சிஜன் செறிவூட்டி போன்றவை ஒவ்வொரு மழைக்காலத்திலும் தம் ஆற்றலை இழந்துகொண்டிருக்கின்றன என்பதால், தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு.